ஆறு பாட்டில் க்ரூக், ஐந்து வருஷம், ஒரு உருப்படாத மூடி

போன வாரம் லியோனில் இருக்கும் நண்பன் வாட்ஸப்பில் கேட்டான். "எங்க கல்யாணம் ஆகி 20 வருஷம் ஆகுதுடா, வீட்டுக்கு 12 பேர் வர்றாங்க, க்ரூக் ஒரு பாட்டில் வாங்கலாமா? நீதான் பெட்டியோட வாங்கி வச்சவனாச்சே." க்ரூக் என்பது ஃபிரான்ஸின் விலை உயர்ந்த ஷாம்பெய்ன், அதாவது நுரைக்கும் ஒயின். இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை, அதனால்தான் இது.

முதலில் கணக்கு. 750 மில்லியை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 62 மில்லி. இருமல் மருந்துக்குக் கொஞ்சம் மேலே. 200 யூரோவுக்கு மேல் கொடுத்து ஒவ்வொருவரும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு "நல்லா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டுப் பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதல் இரண்டு மடக்கில் இந்த ஒயின் எதுவும் சொல்லாது.

நான் வாங்கியது, க்ரூக் வருஷா வருஷம் புதிதாகக் கலந்து எண் போட்டு வெளியிடும் கிராண்ட் க்யூவேயின் 168-வது பதிப்பு, ஆறு பாட்டில், 2020 கடைசியில். 2012 அறுவடையை அடிப்படையாக வைத்து, 11 வெவ்வேறு வருஷங்களின் 198 ஒயின்களைக் கலந்தது, அதில் மூத்தது 1996. பின் லேபிளில் 6 இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இலக்கம் காலாண்டு, அடுத்த இரண்டும் வருஷம். பாட்டிலுக்கு எப்போது தக்கை போட்டார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் நான் திருப்பிப் பார்ப்பது அதைத்தான், விலையைப் பார்த்தால் வாங்க மனசு வராது.

அப்போது பாரிஸில் இரண்டாவது ஊரடங்கு. யாரும் வர முடியாது, நானும் மனைவியும்தான். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து, ஒல்லியான ஃப்ளூட் கிளாஸில் ஊற்றினேன். எலுமிச்சை, புளிப்பு, சுண்ணாம்பு மாதிரி ஒரு வறட்சி. அவ்வளவுதான். இதற்கா இத்தனை காசு என்று ஒரு கோபம் வந்தது, வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் வாங்க வேண்டாம் என்று சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அரை கிளாஸோடு நிறுத்திக்கொண்டார், நானும் ஒன்றரையோடு நிறுத்தி, மீதியை மூடி போட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வெண்பொங்கலுக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தபோது அந்த மீதி ஞாபகம் வந்தது. ஃப்ளூட் கழுவாமல் கிடந்ததால், வயிறு பெருத்த வெள்ளை ஒயின் கிளாஸில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து மூக்கைக் கொண்டுபோனால், சட்டியிலிருந்து வரும் வாசனை எது, கிளாஸிலிருந்து வருவது எது என்று ஒரு நொடி குழம்பிவிட்டது. நெய்யில் வறுத்த முந்திரி, பேக்கரியில் சூடாக எடுத்த ரஸ்க், அதற்குக் கீழே உப்பில் ஊறிய நாரத்தங்காயின் அந்த லேசான கசப்பு. நேற்றைய ஒயின்தானா இது? நுரை குறைந்திருந்தது, குறைந்ததே நல்லதாகப் போயிற்று, நாக்கைக் குத்தாமல் உள்ளே இருந்ததையெல்லாம் காட்டியது.

அதற்குப் பிறகு திறந்த பாட்டில்களிலும், மூடி கெடுத்த ஒன்றைத் தவிர, இதே கதைதான். காரணம் இருக்கிறது. க்ரூக்காரர்கள் முதல் நொதிப்பை 205 லிட்டர் ஓக் பீப்பாய்களில் செய்கிறார்கள், அங்கேயே ஒயினுக்குக் கொஞ்சம் காற்று பழகிவிடுகிறது. அப்புறம் பாட்டிலில் ஈஸ்ட் மண்டியோடு ஏழு வருஷம் மாதிரிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட சரக்கு ஒரு ராத்திரிக் காற்றுக்கு அசராது, சுதாரித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும். அவர்களே 9-லிருந்து 12 டிகிரியில் குடிக்கச் சொல்கிறார்கள், நம் ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் வாயைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

சரி, இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் என் எதிரி அந்த மூடி. இரண்டாம் நாள்தான் நல்லது என்றால், முதல் ராத்திரியைத் தாண்ட வேண்டுமே! திறக்காத ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் 5, 6 பார் அழுத்தம் இருக்கும், கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். திறந்த பிறகும் ஒயினில் கரைந்திருக்கும் வாயு மெல்ல வெளியேறி மேலே சேர்ந்து மூடியைத் தள்ளும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய முதல் மூடி ராத்திரி இரண்டு மணிக்கு லட்சுமி வெடி மாதிரி சத்தத்தோடு பறந்து, ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த முட்டைகளில் இரண்டை உடைத்தது. இரண்டாவது, பக்கவாட்டில் கொக்கி உள்ளது, பறக்கவில்லை, ஆனால் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்காராமல் வாயு முழுவதையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது, மறுநாள் கிளாஸில் ஊற்றினால் செத்த ஒயின். அது 2021 டிசம்பர், மூன்றாவது பாட்டில். இன்னும் வயிறு எரிகிறது. கழுத்தில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிடு என்று ஒரு அக்கா சொன்னார், செய்தும் பார்த்தேன், ஸ்பூன் குளிர்ந்ததுதான் மிச்சம். நாலாவது முயற்சியாக 15 யூரோ கொடுத்து வாங்கிய மூடிதான் நிற்கிறது, அதையும் முழுசாக நம்பாமல் முட்டையை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

கிளாஸ் விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்தேன். டிஷ்வாஷரில் போட்ட கிளாஸில் ஊற்றியபோது குமிழியே எழவில்லை, ஒயினைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலான குமிழிகள் கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கும் நுண்ணிய துணி, காகித இழைகளிலிருந்துதான் கிளம்புகின்றன. ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெய்ன் குமிழிகளையே ஆராயும் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் காட்டியது இது. இப்போது வெந்நீரில் அலசி, காட்டன் துண்டால் துடைக்கிறேன். என் மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, இருக்கலாம்.

நடுவில் ஒரு விருந்துக்கு யாரோ லோரான்-பெரியே என்ற வேறொரு நிறுவனத்தின் ஷாம்பெய்ன், கிராண்ட் சியெக்ல் 24 கொண்டுவந்தார்கள். அதுவும் கலவைதான், ஆனால் 2007, 2006, 2004 என்று மூன்றே வருஷம். திறந்த உடனே கையைக் குலுக்கும் ஒயின். எட்டுப் பேருக்கு ஊற்றினோம், எட்டுப் பேரும் முதல் மடக்கிலேயே சிரித்தார்கள். க்ரூக்கோடு எனக்கு அப்படி ஒரு ராத்திரி அமைந்ததே இல்லை.

ஆகவே நண்பா, உனக்கு என் பதில், வாங்காதே. அந்தக் காசில், திராட்சை வளர்க்கும் நல்ல விவசாயி தானே செய்த ஷாம்பெய்ன் ஐந்து பாட்டில் வாங்கினால் பன்னிரண்டு பேரும் வயிறாரக் குடிப்பார்கள். நான் குடித்த ஷாம்பெய்னிலேயே இதுதான் சிறந்தது, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் விருந்தாளிகள் போய், பாத்திரம் கழுவி முடிந்து, அடுத்த நாள் தனியாக உட்காரும்போது குடிக்க வேண்டியதை விருந்துக்கு வாங்கி என்ன பயன்? அரை பாட்டில் கிடைக்கிறதே என்று கேட்பாய். போன வருஷம் வாங்கினேன். மூடித் தொல்லையே இல்லை, ஏனென்றால் அன்றைக்கே முடிந்துவிட்டது, முடிந்த பிறகுதான் இரண்டாம் நாள் ஞாபகம் வந்தது.

ஆறாவது பாட்டில் இன்னும் கீழே நிலவறையில் இருக்கிறது. அதைக் கேட்காதே.