பெராத்தா, ஜிரோகாஸ்தரா?

அல்பேனியாவில் ஒரே ஒரு மலைநகரத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு பெராத்துக்கு. ஓசும் ஆற்றங்கரையில் நின்று மங்கலெம் பகுதியை நிமிர்ந்து பார்த்தால், சரிவு முழுக்க வெள்ளை வீடுகள், ஒன்றின் தலைமேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்த மாதிரி, எல்லாவற்றிலும் வரிசையாக ஜன்னல்கள். ஆயிரம் ஜன்னல் நகரம் என்று சும்மா சொல்லவில்லை. கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், சுவரோரம் துணி காய்கிறது. உள்ளேயே ஓனுஃப்ரி என்ற 16ஆம் நூற்றாண்டு ஓவியரின் பெயரில் ஒரு அருங்காட்சியகம், அவர் ஓவியங்களில் வரும் சிவப்பு நிறத்தைப் பார்க்கவே போகலாம்.

ஜிரோகாஸ்தர் வேறு மாதிரி. கூரைகூடக் கல் பலகைதான், மழை பெய்தால் ஊரே சாம்பல் நிறத்தில் பளபளக்கும். சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்த ஊர். கோட்டையில் ஒரு அமெரிக்க ராணுவ விமானம் நிற்கிறது, ஊருக்கடியில் பனிப்போர்க்காலச் சுரங்க அறைகள். வரலாற்றுப் பைத்தியம் என்றால் இதுதான் சரி.

யுனெஸ்கோ ஜிரோகாஸ்தரை 2005இலும் பெராத்தை 2008இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் திரானாவிலிருந்து பெராத் பக்கம். சாரந்தா கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஜிரோகாஸ்தர் வசதி. அப்புறம், இரண்டு ஊரிலும் வழவழப்பான கல் பாதைகள்தான், செருப்பு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டு ஏறுங்கள்.