கோத்தகிரிக்கு வீடு மாற்ற: பெரிய பேக்கர்ஸ் கம்பெனியா, மேட்டுப்பாளையம் பிக்கப்பா?

முதலில் மதிப்பெண். கோவை, திருப்பூர் பக்கமிருந்து கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்து பிக்கப் வண்டிதான் பொருத்தம். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைத்த ஒன்று, பேக்கிங்கும் ரசீதும் இல்லாததற்காக. பெரிய பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனிகளுக்குச் சமவெளியில் நான்கு, மலையில் இரண்டரை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

சத்தமில்லாத ஊர், சின்ன வீடு, குறைந்த சாமான் என்று ஆசைப்பட்டு மலைக்குக் கிளம்புகிறவர்கள் பலர், கீழே இருந்த மூன்று படுக்கையறை வீட்டை அப்படியே 17 அடி கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கேயே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

பெரிய கம்பெனியிடம் பாராட்ட வேண்டியது பேக்கிங். பாத்திரத்துக்குத் தனிப் பெட்டி, கண்ணாடிக்கு மூலைக்காப்பு, டிவியை நிறுத்திவைக்கும் பெட்டி, ஒவ்வொன்றிலும் எண், கையில் பட்டியல். இதைக் குறை சொல்ல முடியாது. மலை அடிவாரம் வந்ததும்தான் வேறு கதை. 17 அடி கன்டெய்னர் கோத்தகிரி டவுன் வரை ஏறிவிடும். பேருந்தே போகிற சாலை. டவுனிலிருந்து ஹட்டி என்கிற படுகர் ஊருக்கோ எஸ்டேட் வீட்டுக்கோ பிரிகிற ஒற்றை வண்டிப் பாதையில் அது திரும்பாது. அதனால் மேட்டுப்பாளையத்திலோ டவுனிலோ சாமானை இறக்கிச் சின்ன வண்டிக்கு மாற்றுவார்கள். உடைவதில் பெரும்பங்கு இந்த மாற்றலில்தான். ஒழுங்காகக் கட்டி ஏற்றிய ஆட்கள் சென்னையிலேயே நின்றுவிடுவார்கள். இங்கே மாற்றி ஏற்றுபவர்களுக்கு எந்தப் பெட்டியில் கண்ணாடி என்று தெரியாது. மாற்று வண்டி வாடகையையும் உங்கள் தலையில் வைப்பார்கள்.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: ‘ஊர் வரையா, வாசல் வரையா?’ வாசல் வரை என்றால் சின்ன வண்டி வாடகை, இறக்குக்கூலி, படிக்கூலி மூன்றும் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். அடுத்தது இன்சூரன்ஸ். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (உடைந்தால் நஷ்டம் உங்களுடையது) என்று அச்சடித்துவிட்டு, மேலே ‘ரிஸ்க் கவர்’ என்று ஒரு தொகை போடுகிற கம்பெனிகள் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த டிரான்சிட் பாலிசி கையில் வந்தால் மட்டும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டுமே என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி விதியில் இ-வே பில் விலக்கு இருக்கிறது. கையெழுத்திட்ட சாமான் பட்டியல் வண்டியில் இருந்தால் போதும்.

இனி பிக்கப். நீலகிரியின் காரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. சரக்கை இறக்கிய வண்டிகள் பல, காலையில் காலியாகவோ கொஞ்சம் மளிகை, உரத்துடனோ மேலே திரும்புகின்றன. அந்தத் திரும்பு வண்டியைப் பிடிப்பதுதான் சூட்சுமம். ரிட்டர்ன் லோடு என்பதால் வாடகை குறையும். அதைவிடப் பெரிய லாபம் டிரைவர். தினமும் ஏறி இறங்குகிற ஆளுக்கு எந்த வளைவில் எதிரே பேருந்து வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்பது அத்துப்படி. கீழிருந்து டிரைவரோடு வண்டி பிடிப்பதாக இருந்தால், லைசென்ஸில் மலைப்பாதைக்கான பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு அது தேவை. அது இல்லாமல் ஏறி, சோதனையில் நின்றால் நாள் போய்விடும்.

வாடகை எவ்வளவு என்று இங்கே எழுதினால் அடுத்த டீசல் விலையேற்றத்துக்குள் பொய்யாகிவிடும். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது உதவும்: வண்டி வாடகை ஒன்று, டிரைவர் பேட்டா ஒன்று, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தனி, மாலைக்குள் இறக்கி முடியாவிட்டால் ஹால்ட், அதாவது வண்டி காத்திருக்கும் கூலி, தனி. நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவர் மேலே போய்த்தான் மீதியைச் சொல்வார்.

எந்த வண்டி? குட்டியானை (டாடா ஏஸ்) முக்கால் டன் தாங்கும், மேடை ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி. ஒருவர் வீட்டுக்கு, அல்லது பீரோவும் கட்டிலும் இல்லாத இருவர் வீட்டுக்குப் போதும். ஆனால் லோடோடு ஏற்றத்தில் திணறும். அசோக் லேலண்ட் தோஸ்த் 8 அடி சொச்சம், ஒன்றேகால் டன். பொலிரோ பிக்கப் மாடலைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் நீளம், எடையும் கூடுதலாகத் தாங்கும். ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பொலிரோ ஒரு நடை கணக்கு. அதற்குமேல் சாமான் இருந்தால் 14 அடி ஐஷர் லாரியைத் தேடாமல் இரண்டு பிக்கப் பிடிக்கலாம். அல்லது ஒரு பிக்கப் அளவுக்குச் சாமானைக் குறைக்கலாம். இரண்டாவதுதான் உங்கள் ஆசைக்கும் ஒத்துவரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிக்கப்காரர் பேக்கிங் செய்ய மாட்டார். தார்ப்பாய் கொண்டுவருவார், அதில் ஓட்டை இருக்கும். ரசீது கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, சொன்ன நேரம் மண்டியில் சரக்கு இறங்குவதைப் பொறுத்தது. முதல் நாள் காரட் ஏற்றிய மேடை ஈரமும் மண்ணுமாக இருக்கும். கழுவித் துடைத்து, பழைய பிளெக்ஸ் விரித்த பிறகே முதல் பெட்டி ஏற வேண்டும். தார்ப்பாய் இரண்டாவதாக ஒன்றை நீங்களே வாங்கிவிடுங்கள். மேலே போன பிறகு விறகு மூடவாவது ஆகும்.

ஏற்றும் முறைதான் மலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சமவெளியில் பாரம் எங்கே இருந்தாலும் ஓடிவிடும். ஏற்றத்தில் சாமான் முழுவதும் பின்பக்க டாலாவை (மேடையின் பின்கதவை) நோக்கிச் சாயும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதனால் கனமான சாமான் எல்லாம் கேபினை ஒட்டி: நடுவில் பிரிட்ஜ் நின்றபடி, ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மறுபக்கம் கிரைண்டரும் புத்தகப் பெட்டிகளும். பீரோவைக் காலி செய்து, பூட்டி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். நிறுத்தினால் வளைவில் வண்டியின் தலைக்கனம் கூடும். இடைவெளிகளில் தலையணை, கம்பளி, துணி மூட்டை. மெத்தையைச் சுவர்போல நடுவில் நிறுத்தினால் முன் வரிசையும் பின் வரிசையும் மோதாது. பெட்டிகள் கேபின் உயரத்தைத் தாண்டக் கூடாது; எஸ்டேட் பாதையில் சில்வர் ஓக் கிளையும் கேபிள் ஒயரும் தாழ்ந்திருக்கும்.

கயிறு: எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கயிறை இழுத்துக் கட்டுவது வழக்கம். மலைக்கு அது போதாது. ஒரு வரிசை ஏறியதும் அதற்கு ஒரு கட்டு, அடுத்த வரிசைக்கு அடுத்த கட்டு. நைலான் கயிறு நனைந்தால் முடிச்சு வழுக்கும், ராட்செட் பெல்ட் இரண்டு இருந்தால் நிம்மதி. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் பெட்டிகள் படிந்து, கட்டு தளர்ந்துவிடும். ஏற்றம் தொடங்குமுன் அங்கே நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். டிரைவர் டீ குடிக்கிற நேரம்தான்.

பொருள் வாரியாகச் சில. முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்னால் இருந்து கழற்றிய டிரான்சிட் போல்ட்டைத் திரும்பப் போடாமல் ஏற்றாதீர்கள். வளைவுக்கு வளைவு டிரம் ஆடி ஸ்பிரிங்கும் டேம்பரும் போய்விடும். போல்ட் தொலைந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும். மேலே போனதும் கழற்ற மறக்க வேண்டாம். பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி கரைந்து, தட்டுகளைத் தனியாக எடுத்து, கதவை நாடாவால் ஒட்டுங்கள். இறக்கியதும் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு சுவிட்ச் போடுங்கள். கிரைண்டர் குழவியைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் பாத்திரம் நசுங்கும். இன்வெர்ட்டர் பேட்டரி நின்றபடியே வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் தட்டில். அது சாய்ந்தால் அமிலம் பக்கத்துத் துணியைத் தின்றுவிடும். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் அடைக்காதீர்கள்; 18×12×12 அங்குலப் பெட்டியே நிரம்பினால் 25 கிலோ தாண்டும்.

எண்ணெய், ஊறுகாய், ஷாம்பூ விஷயம் பலருக்குத் தெரியாது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இறுக மூடிய பாட்டிலும் டப்பாவும் மேலே வரும்போது உள்காற்று விரிந்து மூடி வழியே கசியும். முக்கால் அளவுக்கு மட்டும் வைத்து, கசிந்தாலும் பரவாதபடி ஒரு அண்டாவுக்குள் அடுக்குங்கள்.

எதை ஏற்றக் கூடாது என்பதில் தயக்கம் வேண்டாம். ஏசி, ஏர்கூலர், பாதி மின்விசிறிகள் தேவையே இல்லை. பார்ட்டிகிள் போர்டு அலமாரியும் கட்டிலும் வேண்டாம்: கழற்றி மாட்டினால் திருகு ஓட்டை பிடிக்காது, பிடித்தாலும் மழைக்கால ஈரத்தில் ஊதிப்போகும். தோல் சோபாவில் பூஞ்சை பூக்கும். இரும்புக் கட்டில், பழைய தேக்கு மேசை, பிரம்பு நாற்காலி தாங்கும். பிரஷர் குக்கரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் அங்கே 94 டிகிரி அளவிலேயே கொதிப்பதால் பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக நேரம் பிடிக்கும். மாவும் ஒரு இரவில் புளிக்காது. அதனால் மூடி இறுக்கமான பெரிய பாத்திரம் ஒன்று, சுற்ற ஒரு கம்பளி.

எப்போது போவது என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் மண்சரிவு அபாயம் அதிகம். 2009 நவம்பர் சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏப்ரல், மே சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள், கனரக வண்டிகளுக்குப் பகலில் தடையும் வரும். அந்த ஆண்டு ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு அது வேண்டாம். மலை பிக்கப்பைப் பிடிப்பதில் இதுவும் ஒரு வசதி. ஆனால் பின்னால் வரும் உங்கள் காருக்கு வேண்டும். கட்டணமில்லை, ஆன்லைனில் எடுத்துவிடலாம்.

கிளம்புவது விடிந்த பிறகு. கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். குட்டியானையில் போய்ப் பெரிய யானைக்குக் காத்திருப்பது அந்தப் பாதையில் சாதாரணம். ஹார்ன் அடிக்காமல் தள்ளி நிற்கிற டிரைவர் நல்ல டிரைவர். சோதனைச்சாவடிகளில் பிளாஸ்டிக் பார்ப்பார்கள். லோடுமேன்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுக்காமல் ஸ்டீல் கேனில் எடுத்துச்செல்லுங்கள். பபுள் ஷீட்டுக்குப் பதில் பழைய வேட்டி, சாக்கு, செய்தித்தாள்; மேலே குப்பை போட இடம் தேட வேண்டாம்.

வீட்டுப் பக்கம் ஒரே வேலை: படியை எண்ணுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் வண்டி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே 30, 40 படி சாதாரணம். மேலிருந்து கீழே இறக்குவதா, கீழிருந்து மேலே ஏற்றுவதா என்பதைப் பொறுத்துக் கூலி மாறும். படி எண்ணிக்கை, வளைகிற இடத்தில் அகலம், வாசல் கதவு அகலம் மூன்றையும் அளந்து, போட்டோ எடுத்து உள்ளூர் லோடுமேன்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். இறக்குவது அவர்கள் வேலை. கீழிருந்து ஆள் கூட்டிவந்து இறக்கினால் தகராறு வரும், தவிர சமவெளி ஆட்களுக்கு அந்தப் படியில் பிரிட்ஜைச் சுமந்து பழக்கமும் இருக்காது.

கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது. பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வவுச்சர் வாங்கிக்கொண்டு மேலே உள்ள ஏஜென்சியில் இணைப்பு எடுங்கள். அது வரும்வரை ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. இறக்கி முடிந்ததும் பெட்டிகளை உடனே பிரித்து, காலி அட்டையை அதே பிக்கப்பில் மேட்டுப்பாளையம் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடலாம். மாலைச் சரக்கு ஏற்றுவதற்குள் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.