கணவாய் பிடிக்க எது சரி: பாட்டில் சென்ட்டா, மத்தித் துண்டா, வெறும் ஜிக்கா?

கோத்தகிரில உக்காந்துக்கிட்டு கடல் கணவாய (ஸ்குவிட்) தூண்டில் போட்டு பிடிக்கிறதப் பத்தி என்ன பேச்சுன்னு சிரிக்காதீங்க, தூத்துக்குடில மச்சான் வீடு இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ போவோம், போனா ஒரு சாயங்காலமாச்சும் வள்ளத்துல ஏறாம மலையேறுறதில்ல. மத்த நாள்ல நமக்கு கெண்டைதான். ஊட்டி ஏரிக்கு 1939-ல சிலோன்ல இருந்து கொண்டாந்து விட்ட ஜாதி, மீசைய வச்சு சேத்துல தடவித் தடவி மோந்து திங்கிற மீன், அதுக்கு மைதா மாவுல புண்ணாக்கும் பெருங்காயமும் போட்டு பிசைஞ்சே பழகின கை இது. அதே புத்தியோட கடலுக்கு போனேன், அங்கதான் சறுக்குச்சு.

மொதல்ல ஆன்லைன்ல வாங்கின பாட்டில் சென்ட், அதாவது தூண்டில்ல தடவுற மீன் வாசனை. ஜெல் மாதிரி இருக்கும், ஜிக்கு (எறா வடிவத்துல, வால்ல முள்ளு வச்ச பிளாஸ்டிக் பொய் இரை) மேல சுத்தியிருக்கிற துணி அத நல்லா இழுத்துக்கும், கை நாறாது, பையில போட்டா போட்ட எடத்துல கெடக்கும். விலைதான் கசக்குது. நான் ஜிக்குல தடவுறத பாத்துட்டு வள்ளக்கார அண்ணாச்சி "என்ன தம்பி, சென்ட்லாம் போட்டு கல்யாணத்துக்கா போறீய?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு நான் சென்ட் போட்டு, மச்சான் அதே 3.5 சைஸ் ஜிக்க வெறுமனே போட்டு, பக்கத்து பக்கத்துல உக்காந்து பிடிச்சோம். எனக்கு நாலு, அவனுக்கு மூணு. அந்த ஒண்ணுக்காக அவ்ளோ காசான்னு அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

விஷயம் என்னன்னா ஊசிக் கணவாய் கண்ணால வேட்டையாடுற ஜந்து. ஒடம்பு சைஸுக்கு எவ்ளோ பெரிய கண்ணுன்னு மார்க்கெட்ல பாத்தாலே தெரியும். மோப்ப உறுப்பும் இருக்கு, கண்ணுக்கு பின்னாடி சின்னதா, ஆனா தூரத்துல இருந்து அதுக்கு கண்ணுல படுறது ஜிக்கோட அசைவும் மினுமினுப்பும்தான். தூண்டில் நரம்ப ரெண்டு சுண்டு சுண்டி விட்டா ஜிக் மேல எகிறிட்டு மெதுவா எறங்கும் பாருங்க, அந்த எறக்கத்துலதான் வந்து பிடிக்கும். வாசனைக்கு வேலை வர்றது பிடிச்சதுக்கு அப்புறம். கையில இருக்கிற உறிஞ்சிகள்லயே ருசி தெரியுமாம் அதுக்கு, பிளாஸ்டிக்னு தெரிஞ்சா விட்ரும், மீன் வாடை இருந்தா இன்னும் கொஞ்சம் கட்டிப் பிடிக்கும். ஜிக் முள்ளுல கொக்கிப் பல்லு கிடையாது, நரம்பு தளர்ந்தா நழுவிரும், அதனால அந்த கூடுதல் ரெண்டு செகண்டு சும்மா இல்ல.

அந்த ரெண்டு செகண்டுக்கு பாட்டில விட மத்தி நல்லா நிக்குதுங்கிறது என் அனுபவம். மத்திய நீளவாக்குல கீறி, கல் உப்பு தூவி ஒரு ராத்திரி வச்சா சதை இறுகிரும், தோல் வெளிய தெரியுற மாதிரி ஜிக் முதுகுல வச்சு மெல்லிசு செம்புக் கம்பியால சுத்திரலாம். வாசனையும் நெசம், ருசியும் நெசம், காசும் கம்மி. தொல்லையும் இருக்கு. கனம் கூடி ஜிக் தலைகுப்புற வேகமா எறங்கும், அப்புறம் பேத்தை மீன் (ஒடம்ப பலூன் மாதிரி ஊதிக்கிற மீன்) வந்து கொத்திக் கொத்தி கம்பிய மட்டும் மிச்சம் வச்சிட்டு போயிரும். பேத்தை ஜாஸ்தியா இருக்கிற எடத்துல மத்தியக் கட்டுறது அதுக்கு விருந்து வைக்கிற மாதிரி.

வீட்லயே சென்ட் காச்சுறேன்னு நான் பண்ணின கூத்தையும் சொல்லிடுறேன். றால் தலை, மத்திக் குடல் எல்லாத்தையும் தேங்காண்ணெய்ல காச்சி வடிகட்டி பாட்டில்ல ஊத்தினேன், டிசம்பர் மாசம், காலைல பாத்தா நெய் கட்டின மாதிரி ஒறைஞ்சு கெடக்கு. 24 டிகிரிக்கு கீழ போனாலே தேங்காண்ணெய் ஒறையும், கோத்தகிரி குளிர்ல கேக்கணுமா. வீட்டுக்காரம்மா ஜன்னல தொறக்கவும் முடியாம மூடவும் முடியாம திட்டுனது தனி. காச்சின சட்டிய கழுவாம பின்பக்கம் வச்சேன், ராத்திரி கரடி வந்து தூக்கிட்டுப் போயி தேயிலைக்குள்ள போட்ருச்சு, நசுங்கின சட்டிய மறுநாள் தேடி எடுத்தோம். கோயில் வெளக்குல ஊத்தின எண்ணெயையே விட்டு வைக்காத கரடிங்க இதுக, இத விடுமா. கடல்ல அந்த எண்ணெய் உருகி மேல படலமா மெதந்துச்சு, ஜிக்குல ஒண்ணுமே ஒட்டல. பெருங்காயம் கலந்ததுக்கு ஒரு கணவாய் கூட திரும்பிப் பாக்கல, அது கெண்டையோட போயிரட்டும்.

வெறும் ஜிக்க கொறச்சு பேசாதீங்க. இருட்டுல மினுங்குற ஜிக்க டார்ச் அடிச்சு காட்டிட்டு போட்டா அதுவே பாதி வேலைய பாத்துக்கும். ஒண்ணு பிடிச்சதும் மை பீச்சும்ல, அது துணில ஊறிட்டா அந்த ஜிக்க அடுத்தது நம்புறதில்ல, பழைய டூத் பிரஷ்ஷால கடல் தண்ணிலயே தேச்சு கழுவிட்டு போடுங்க. சென்ட் போடுறதா இருந்தாலும் கழுவின பிறகுதான்.

என் கணக்கு: கையில காசு இருந்தா மொதல்ல நல்ல ஜிக் ரெண்டு வாங்குங்க, அடுத்து உப்பு போட்ட மத்தி, பேத்தை தொல்லை தாங்கலன்னா மட்டும் பாட்டில். எறா வாசனையா மத்தி வாசனையாங்கிற சண்டை எனக்கு பெருசா படல, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. மிச்சமிருக்கிற பாட்டில பீரோவுக்குள்ள வச்சிருக்கேன், மூடிய சுத்தி மூணு சுத்து டேப்பு, கரடிக்கு பாதி, வீட்டுக்காரம்மாவுக்கு பாதி.