மெதுவான ஷட்டரில் விமானம்: 100-400ஆ, 200-600ஆ?

விமானப் படம் எடுப்பவர்கள் கூடினால் "உங்க லென்ஸ் எத்தனை மி.மீ.?" என்ற கேள்வி வராமல் இருக்காது. 1/1000, 1/2000 விநாடி என்று ஷட்டர் வைப்பவர்களுக்கு அது நியாயமான கேள்வி. 1/60, 1/30 என்று இறங்கி, பின்னணியைக் கோடு கோடாக இழுத்து, புரொப்பெல்லரைச் சுழலவிட்டு எடுப்பவர்கள் அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். சோனியின் 100-400 ஜிஎம், 200-600 ஜி என்ற ஜூம் லென்ஸ்கள் (எண்கள் மி.மீ., அது கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) இரண்டையும் சில காலம் சேர்த்தே வைத்திருந்தேன். பிறகு 200-600ஐ விற்றுவிட்டேன். நிக்கான்காரர்கள் இதையே தங்கள் 100-400, 180-600 ஜோடிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். 200-600 விலை குறைவு, எட்டிப் பிடிக்கும் தூரம் அதிகம், ஜூம் செய்தாலும் நீளாது. 100-400 ஜூம் செய்தால் முன்பக்கம் நீளும், ஆனால் எடை 1,395 கிராம்தான். 200-600 ட்ரைபாட் காலர் (முக்காலியில் பொருத்தும் வளையம்) இல்லாமலே 2,115 கிராம். ஃபோகஸ் வேகத்தில் குறை சொல்ல இரண்டிலும் ஒன்றும் இல்லை. படத்தின் தெளிவை 1/30இல் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, அங்கே கை ஆடுவதுதான் படத்தைத் தீர்மானிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் நீளமாக இருந்தால் பின்னணி அதிகமாக இழுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் ஃபிரேமில் ஒரே அளவில் இருக்கும்வரை அது உண்மை இல்லை. விமானத்தைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது, அசையாமல் இருக்கும் மரம், கட்டடம், வேலி எல்லாம் படத்தில் இழுபடும் நீளம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் விமானம் கடந்த தூரத்துக்குச் சமம். இறங்கும் ஏ320 பயணிகள் விமானம் ஏறக்குறைய விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வரும். 1/60 விநாடியில் அது நகர்வது சுமார் 1.2 மீட்டர். விமானத்தின் நீளமோ 37.57 மீட்டர். ஆக, படத்தில் கோடுகளின் நீளம் விமானத்தின் நீளத்தில் முப்பதில் ஒரு பங்குதான். பக்கத்தில் நின்று 200இல் எடுத்தாலும், மூன்று மடங்கு தள்ளி நின்று 600இல் எடுத்தாலும் இதே அளவுதான். வேகம் தெரிய வேண்டுமானால் ஷட்டரை இறக்க வேண்டும். 1/15இல் அது எட்டில் ஒரு பங்காகிறது, அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கிறது. செஸ்னா 172 போன்ற குட்டி விமானம் மெதுவாகத்தான் போகும், ஆனால் உடலும் சின்னது. அதனால் 1/60இலேயே ஏ320ஐவிடக் கூடுதலாக இழுத்துக் காட்டும்.

மி.மீ. கூடக் கூட நிச்சயமாகப் பெரிதாவது கை நடுக்கம். மேலும் கீழுமாக வரும் அதே சிறு அசைவு 200இல் தெரிவதைவிட 600இல் மூன்று மடங்காகத் தெரியும். இரண்டு லென்ஸிலும் ஸ்டெபிலைசேஷனின் (நடுக்கத்தை அடக்கும் வசதியின்) இரண்டாவது மோடு பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் அசைவை அடக்கப் பார்க்கும். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் 1/30க்குக் கீழே போனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இதோடு எடையும் சேர்ந்துகொள்கிறது. கனமான லென்ஸ் பேனிங்கை, அதாவது விமானத்தோடு கேமராவைத் திருப்புவதை, வழவழப்பாக்கும் என்பார்கள். முதல் சில விமானங்களுக்கு அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. காத்திருந்து காத்திருந்து, விமானம் வரும்போதெல்லாம் தூக்கிப் பிடித்து இடது கை தளர்ந்த பிறகு அதே எடை எதிரியாகிவிடும். அப்போது பர்ஸ்ட்டில் (படபடவென்று தொடர்ந்து எடுப்பதில்) வரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பதிவு எண்ணின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கீழே மங்கலாக இன்னொரு எழுத்து நிற்கும். 100-400இல் அந்தத் தளர்ச்சி வர நெடுநேரம் பிடிக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 400இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினால் நடுக்கமும் கூடவே பெரிதாகும், அதில் லாபம் இல்லை. நான் சொல்வது பக்கத்தில் போக முடிகிற இடங்களுக்கு. ஓடுபாதை வேலியை ஒட்டி நிற்க முடிந்தால், என் நல்ல படங்கள் பெரும்பாலும் 150-300க்குள் விழுகின்றன. பெரிய விமானம் நேர் எதிரே வரும்போது 200-600இன் தொடக்கமே அதிகமாகி, வால் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். தள்ளி நின்று எடுத்தால் சூடான ஓடுபாதையின் கானல் வேறு குறுக்கே வந்து சக்கரங்களை நெளிய வைக்கும்.

பக்கத்தில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. விமானம் கடக்கும்போது நாம் பார்க்கும் கோணம் வேகமாக மாறும். உடல் கச்சிதமாக விழுந்தாலும் நம் பக்கம் நீளும் இறக்கை நுனி குழம்பிப் போகும். 150 மீட்டர் தொலைவில் 1/30இல் ஏ320இன் இறக்கை நுனி கால் மீட்டர் அளவுக்கு இழுபடக் கூடும், 300 மீட்டரில் அது பாதியாகும். நுனி முதல் வால்வரை எல்லாம் துல்லியமாக வேண்டும் என்பவருக்கு இது 200-600 பக்கம் சாயும் வாதம். எனக்கு விமானி அறையின் கண்ணாடியும் உடலில் எழுதிய பெயரும் தெளிவாக இருந்தால் போதும்.

புரொப்பெல்லருக்கு லென்ஸ் கணக்கே இல்லை, ஷட்டர் கணக்குத்தான். ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தின் ஆறு பிளேடும் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது 1/120இலேயே முழு வட்டம் கிடைத்துவிடும். இரண்டு பிளேடு வைத்த செஸ்னாவுக்கு 1/80 வேண்டும். ஆர்44 ஹெலிகாப்டரின் மேல் சுழலிக்கு 1/13 அளவுக்கு இறங்க வேண்டும். அதைக் கையில் பிடித்து 600இல் எடுப்பவருக்கு என் வணக்கம். நீல வானத்தில் தனியாகப் போகும் ஜெட்டுக்கு இந்தப் பாடே வேண்டாம், இழுபட அங்கே எதுவும் இல்லை.

இன்னொன்று, வாங்கும்போது யாரும் யோசிக்காதது, ஃபில்டர். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 என்றால் ஷட்டர் 1/400 பக்கம் நிற்கும். 1/30க்கு இறங்க எஃப்/29 வரை மூடினால் படம் சொதசொதவென்று ஆகும், சென்சார் தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுவதே மேல். 100-400க்கு 77 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டர் போதும், என் 24-105க்கும் அதையே மாட்டுகிறேன். 200-600 கேட்பது 95 மி.மீ., அதை என்னிடம் இருக்கும் வேறு எதிலும் மாட்ட முடியாது.

500, 600 மி.மீ. எஃப்/4 பிரைம்களை (ஜூம் இல்லாத லென்ஸ்களை) கடன் வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்ததோடு சரி, தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. ஆனால் வெயிலில் மெதுவான ஷட்டருக்கு மூடிவைக்கப் போகும் எஃப்/4க்காக அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கியும்) அப்படித்தான், அதிகம் பழகியதில்லை. அதில் வைத்தால் 200-600இன் எடைப் பிரச்சினை பாதி தீரலாம்.

வேலி ஓடுபாதையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் இடம், விமானக் கண்காட்சி, பறவையும் சேர்த்து எடுக்கும் பழக்கம் என்றால் தயங்காமல் 200-600 வாங்குங்கள். எப்போதாவது மட்டும் எட்டாமல் போகிறது என்றால், 100-400இல் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது) போட்டால் 560 கிடைக்கும். ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி, போய்விடும்தான், ஆனால் நண்பகல் வெயிலில் 1/30க்கு அந்த ஒரு ஸ்டாப்பை எப்படியும் எங்காவது தொலைத்தே ஆக வேண்டும்.