நர்சரி ஆவாரங்கன்று: பூத்து நிற்பதை வாங்காதீர்கள்

கறுப்புக் கவரில் விற்கும் ஆவாரங்கன்றுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். செடியில் குறையில்லை, கோளாறு கவரில்தான்.

ஆவாரையின் ஆணிவேர் விறுவிறுவென்று கீழே இறங்கும். கவரின் அடியில் முட்டியதும் சுருண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். அப்படிச் சுற்றிய கன்று நட்டபின் பூத்தும் காட்டும்; பிறகு ஒரு கோடையில் திடீரென்று காயும், இல்லை காற்றுக்குச் சாயும். மூன்றடி உயரத்தில் பூவோடு மயக்குவதை விட்டுவிட்டு, ஒரு சாண் கன்றாக எடுங்கள். வேர் கவரைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

ஆவாரை சேர்ந்த சென்னா பேரினத்தில் மஞ்சளாகப் பூக்கும் வேறு வகைகளும் இதே பெயரில் கைமாறுகின்றன. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காதுமடல் போல அகன்ற இரண்டு பச்சைச் செதில்கள் தண்டை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது பூச்சிமருந்து. ஒரு கடிகூட இல்லாத பளபளப்பான இலை என்றால் என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். இமிடாக்ளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லி இலைக்குள்ளும் மகரந்தத்திலும் தங்கும். வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகள் சில இந்த இலையில் முட்டையிடும். அவற்றின் பச்சைப் புழுக்கள் கிளையையே மொட்டையாக்கினாலும் செடி மறுபடி துளிர்க்கும், வேப்பெண்ணெயைக்கூடத் தொடாதீர்கள். பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான். தச்சன் தேனீ அந்தப் பையைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், அந்த ரீங்காரம் சில அடி தூரத்துக்குக் கேட்கும். தேன் குடிக்கும் பட்டாம்பூச்சிக்காக வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான்.

முழு வெயிலில் ஒன்றரை அடிக் குழி, தோண்டிய மண், இரண்டு கை மட்கிய எரு. எரு கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். பயறு இனம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்பது தப்புக் கணக்கு. தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சே ஆவாரையில் கிடையாது. முதல் மாதம் மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. வேர் பிடித்தபின் கடும் வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

விதை கிடைத்தால் கவரே தேவையில்லை. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு விட்டு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நிலத்திலேயே ஊன்றுங்கள். ஊறிய விதை பருத்துத் தெரியும். பருக்காததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள்.