சின்ன போனா, பெரிய போனா? கெலக்ஸி எஸ்24உம் அல்ட்ராவும்

சாம்சங்கின் எஸ்24, எஸ்24 அல்ட்ரா என்ற இந்த இரண்டு போன்களும் 2024இல் வந்தவை. இப்போது பழையதாக வாங்க நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம்.

திரை: எஸ்24 6.2 அங்குலம், அல்ட்ரா 6.8.
எடை: 167 கிராம், 232 கிராம். சாரத்தில் செருகிக்கொண்டு நடப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.
பட்டரி: 4000, 5000 எம்ஏஎச்.

கமராவில்தான் விசயமே இருக்கிறது. தூரத்தை இழுக்கும் லென்சுக்கு உள்ளே இடம் வேண்டும். அல்ட்ராவில் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி 5 மடங்கு லென்சுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். எஸ்24இல் 3 மடங்கோடு சரி. திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் மான்களுக்கு 3 மடங்கே போதும், அவை ஆளைக் கண்டு ஓடுவதில்லை. கடலில் திமிங்கிலம் பார்க்கப் போனால் கதை வேறு. படகு ஆடும்போது திரையைப் பெருப்பித்து எடுத்தால் சாம்பல் திட்டுத்தான் மிஞ்சும்.

அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் என்ற எண்ணில் மயங்காதீர்கள். இருட்டில் உதவுவது பெரிய சென்சர், அதாவது கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் பகுதி; அதுவும் அல்ட்ராவில்தான்.

வெயில்: நிலாவெளி மணலில் நின்று பார்த்தால் அல்ட்ராவின் கண்ணாடியில் முகம் அவ்வளவாகத் தெறிக்காது. எஸ்24இல் தெறிக்கும்.
தண்ணீர்: இரண்டும் ஐபி68, அதாவது தூசும் தண்ணீரும் புகாத தரம். ஆனால் அந்தச் சோதனை நன்னீரில். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவின் கடலில் முக்க வேண்டாம்.

பிள்ளைகளையும் கோயில் திருவிழாவையும் எடுப்பவருக்கு எஸ்24 தாராளம், காசும் மிச்சம். பறவை, திமிங்கிலம் என்று அலைபவரும் போனிலேயே வீடியோ வெட்டி ஒட்டுபவரும் அல்ட்ராவை எடுக்கலாம்.