சொந்தக் காசா, கம்பெனி காசா? விமானியாக எந்த வழி நல்லது?

போன மாதம் என் அக்கா மகன் இரண்டு கவரோடு வந்து உட்கார்ந்தான். ஒன்றில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் முழுநேரப் படிப்புக்கான விண்ணப்பம். மொத்தக் கட்டணமும் நாம்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, ஒரு விமான நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட கேடட் திட்டம், அதாவது நிறுவனம் தன் பெயரில் பயிற்சி விமானிகளைச் சேர்க்கும் திட்டம். "மாமா, இதுல எதுல சேரட்டும்?" என்றான். இரண்டாவது கவரை மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தோம். கட்டணம் முழுவதும் அவன் பொறுப்பு, கடனுக்கு என் அக்கா ஜாமீன் கையெழுத்து. 14ஆம் பக்கத்தில், பயிற்சியில் தேறுவது வேலைக்கான உத்தரவாதம் ஆகாது என்று ஒரு வரி. கம்பெனி தருவது அதன் பெயரையும் ஒரு நேர்முகத் தேர்வையும்தான். இரண்டு கவரிலும் ஒரே சரக்கு.

அதனால் எது மலிவு என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். படித்து முடிக்கிற அன்று வேலை இல்லையென்றால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

கம்பெனியே பணம் போட்டுப் படிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது, கிடைத்தால். கத்தே பசிபிக் 1988 முதல் கேடட்களை எடுத்து, அடிலெய்டில் வைத்துப் பயிற்சி கொடுத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் ஸ்பீட்பேர்ட் என்ற பெயரில் முழுச் செலவையும் ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம், போட்டி மிக அதிகம். பதிலுக்கு பாண்டு எழுதி வாங்குவார்கள்: இத்தனை வருடத்துக்குள் போனால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று. அது நியாயம்தான். ஆனால் அந்தத் தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை அப்படியே நிற்கிறதா? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் யார் கட்டுவது? உடல்நிலையால் மருத்துவச் சான்று போய்விட்டால்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

கேடட் திட்டங்களில் எம்பிஎல் என்ற உரிமம் அடிக்கடி வரும், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் ஓட்டும் விமானத்துக்கான உரிமம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ 2006இல் கொண்டுவந்தது. வழக்கமான வணிக விமானி உரிமமான சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட தொடர் படிப்பு என்றால் 150. எம்பிஎல்லில் குறைந்தது 240 மணி நேரம், ஆனால் அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில். இருவர் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் கோ-பைலட்டாக உட்கார அது நல்ல பயிற்சி என்பதை நான் மறுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒரு நிறுவனத்துக்கும் ஒரு விமான ரகத்துக்கும் என்று தைத்த சட்டை அது. உலகின் முதல் எம்பிஎல் விமானிகள் டென்மார்க்கின் ஸ்டெர்லிங் நிறுவனத்துக்காகத் தயாரானவர்கள். அந்த நிறுவனம் 2008 அக்டோபரில் திவாலானது. கம்பெனி செலவில் எம்பிஎல் என்றால் சேரலாம். சொந்தக் காசில் எம்பிஎல் என்றால் பத்து முறை யோசிக்க வேண்டும்.

சரி, சொந்தக் காசுதான் என்று ஆகிவிட்டது. அதிலும் இரண்டு வழி உண்டு. ஒரே பள்ளியில் முழுநேரமாக ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிப்பது ஒன்று. தனியார் விமானி உரிமம், எழுத்துத் தேர்வுகள், பறக்கும் மணி நேரம், சிபிஎல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று துண்டு துண்டாக, வேலை பார்த்துக்கொண்டே முடிப்பது இன்னொன்று. பள்ளிகள் முதலாவதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். காரணம், இந்தத் தொழிலில் ஆள் எடுப்பது அலை மாதிரி. 2001, 2008, 2020 மூன்றிலும் கதவு ஒரே நாளில் சாத்தியது போல் ஆனது. எல்லோரும் ஆள் எடுக்கும் நேரத்தில் சேர்ந்தவர் முடித்து வரும்போது கதவு மூடியிருக்கலாம். துண்டு துண்டாகப் படிப்பவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கலாம், சம்பளம் வந்துகொண்டே இருக்கும். முழுநேரத்தில் சேர்ந்தவருக்கு வட்டி மட்டும்தான் வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, பள்ளியும் மூழ்கும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் பல பத்தாண்டுகளாக இருந்த டேசைட் ஏவியேஷன் 2023 ஏப்ரலில் திவால் நடவடிக்கைக்குப் போனது. முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். எந்தப் பள்ளியானாலும் பறந்த மணிக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடிக்காக முழுப் பணத்தையும் பணயம் வைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தில் கோ-பைலட்டாக உட்காரவே 1,500 மணி நேரம் வேண்டும். விமானவியல் பட்டதாரிக்கு 1,000, ராணுவ விமானிக்கு 750 என்று சலுகை உண்டு. அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500ஐத் தாண்டியவர்கள் என்பதால் விதி சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் விதியால் ஒரு வழி பிறந்தது: சிபிஎல் முடித்ததும் பயிற்றுநராகி, சம்பளம் வாங்கிக்கொண்டே மணி சேர்ப்பது. மெதுவான வழிதான், ஆனால் காசு உள்ளே வருகிறது.

அப்புறம், உரிமம் கையில் வந்த பிறகு வரும் செலவு. ஏ320, போயிங் 737 என்று ரகம் ரகமாகத் தனி டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டுவதற்கான தகுதி, வேண்டும். முன்பெல்லாம் வேலை கொடுப்பவரே பார்த்துக்கொண்ட செலவு இது. இப்போது பல இடங்களில் விமானி தலையில். நியமனக் கடிதம் கையில் இருந்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றால் வேண்டா வெறுப்பாகவாவது ஏற்கலாம். வேலை இல்லாமல் டைப் ரேட்டிங் வாங்கி வைப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஐரோப்பிய விதிப்படி அது ஒரு வருடம்தான் செல்லும். அதன் பிறகு சிமுலேட்டர் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஒரு பையனின் லாக்புக்கை, பறந்த கணக்கு எழுதும் நோட்டை, நான் பார்த்திருக்கிறேன். கடைசி வரி சிமுலேட்டர் பரிசோதனை. அதற்கு முந்தைய வரியும் சிமுலேட்டர் பரிசோதனை. இரண்டுக்கும் நடுவில் பதினோரு மாதம். நிஜ விமானம் ஒன்றுகூட இல்லை.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது: பயணிகள் இருக்கும் விமானத்தில் கோ-பைலட்டாகப் பறக்க, அவரே நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது. மணிக்கணக்கில் விற்கிறார்கள். ஐரோப்பிய விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பு இதைப் பல வருடமாக எதிர்த்து வருகிறது. நானும் அந்தப் பக்கம்தான், கொஞ்சமும் தயக்கம் இல்லாமல். பணம் கட்டி உட்கார்ந்தவருக்கு "எனக்குக் களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன்" என்று சொல்ல வாய் வருமா? அவர் வாங்கிய ஒவ்வொரு மணியும் சம்பளத்துக்கு வேலை தேடும் இன்னொருவரின் மணி. முடிந்ததும் அவர் இடத்தில் அடுத்தவர் பணத்தோடு வந்து உட்காருவார்.

எந்தக் கவரானாலும் முதல் பணம் வணிக விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனைக்குப் போகட்டும். நிறம் பிரித்தறிவதில் உள்ள சின்னக் குறை வயது இருபது வரை பலருக்குத் தெரியாமலே இருக்கும். அது பாதிப் படிப்பில் தெரிய வரக் கூடாது. அடுத்தது திறனறித் தேர்வு. அதுவும் படிப்போடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

அக்கா மகன் மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டான். இரண்டு கவரும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கேடட் திட்டக்காரர்களுக்கு அவனே ஒரு கடிதம் எழுதினான்: படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் எடுக்கவில்லையென்றால் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.